செல்லப் பாம்பு: வந்த வழியும் போகும் வழியும்

2017 ஜனவரியில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இருளர்கள் இருவர் அமெரிக்காவுக்கு விமானம் ஏறினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். கூடவே மொழிபெயர்க்க இரண்டு பேர். அழைத்தவர்கள் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் அந்த மாநிலத்தின் வன உயிரின ஆணையமும். எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மலைப்பாம்பு பிடித்துத் தர வேண்டும், அதுதான் வேலை. முதல் 8 நாளில் 13 பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. கீ லார்கோ தீவில், கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தில் அது பதுங்கியிருந்தது. நவீனக் கருவிகளோடு ஆட்கள் தேடிக்கொண்டிருந்த இடத்தில் இவர்கள் தரையைப் பார்த்தே நடந்தார்கள். தடம், எச்சம், புல் மடங்கிய விதம் என்று ஊரில் எலிவளை பார்க்கிற அதே கண்.

2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் பத்திரிகைகள் இந்தக் கதையைப் பெருமையோடு எழுதின. அந்தப் பெருமையில் ஒரு கேள்வி அமுங்கிப் போனது. ஃபுளோரிடாவில் மலைப்பாம்புக்கு என்ன வேலை?

அது அந்த மண்ணின் பாம்பே இல்லை. தென்கிழக்காசியாவின் பர்மிய மலைப்பாம்பு. 1996க்கும் 2006க்கும் இடையில் மட்டும் 90,000க்கும் மேற்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின, பெரும்பாலும் வீட்டில் வளர்க்க. கடையில் வாங்கும்போது குட்டி இரண்டடி நீளம், கையில் சுற்றிக்கொள்ளும். சில வருடங்களில் பன்னிரண்டு, பதினான்கு அடி. எலி போதாது, முயல் வேண்டும். கட்டிலுக்கடியில் வைத்த பெட்டி போதாது, ஓர் அறை வேண்டும். வாங்கியவர் ஒரு ராத்திரி காரை எடுத்துக்கொண்டு சதுப்பு நில ஓரமாகப் போகிறார், டிக்கியைத் திறக்கிறார். 1992இல் ஆண்ட்ரூ புயல் ஒரு பாம்புப் பண்ணையைச் சிதைத்ததும் ஒரு காரணம் என்று சொல்வதுண்டு. எப்படியோ, 2000 வாக்கில் அங்கே அவை காட்டில் இனம் பெருக்கி நிலைத்துவிட்டன என்பது உறுதியானது. 2012இல் வெளியான ஆய்வு ஒன்று, பாம்பு அதிக காலம் இருந்த பகுதிகளில் ரக்கூன் என்ற சிறு பாலூட்டிகள் கண்ணில் படுவது 99.3 சதவீதம் குறைந்திருந்ததாகக் கணக்குக் காட்டியது. அதே 2012இல்தான் அமெரிக்க மத்திய அரசு அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடுத்தது. வெள்ளம் வந்து போன பிறகு அணை.

ஆக, இருளர்கள் கடல் தாண்டிப் போய்ப் பிடித்தது யாரோ ஒருவர் ஆசையாக வாங்கிய செல்லப் பிராணியின் பேரப்பிள்ளைகளை. வெளிநாட்டு உயிரினங்கள் பற்றிய சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏவுகணைத் தளம்தான் ஞாபகத்துக்கு வரும். எந்த நாட்டுச் சட்டமாக இருந்தாலும் பாம்பு வீட்டுக்குள் வந்த வாசலையும், வெளியே போகும் வாசலையும்தான் அது காவல் காக்கிறது. நடுவில் இருக்கும் இருபது முப்பது வருடங்களைப் பற்றி அதற்கு அவ்வளவாக அக்கறை கிடையாது. அது வளர்ப்பவர் பாடு.

இந்த வாசல்களை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி பூட்டுகிறது. பாம்பே இல்லாத நியூசிலாந்தில் பாம்பு வளர்க்கவே முடியாது. சிங்கப்பூரில் ஊர்வனவற்றில் இரண்டு வகை ஆமைக்கு மட்டும்தான் அனுமதி. பாம்பு, ஓணான், உடும்பு எதுவும் கூடாது. ஆஸ்திரேலியாவில் உரிமம் வாங்கிக்கொண்டு உள்ளூர் மலைப்பாம்பு வளர்க்கலாம், வெளிநாட்டுப் பாம்பை வீட்டில் வைக்கக் கூடாது.

இந்தியாவில் கதை அப்படியே தலைகீழ். நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மலைப்பாம்பு, நாகம் என்று பெரிய பெயர்களுக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்தில் பிடித்த சாரைக் குட்டியைப் பாட்டிலில் போட்டு வைத்தாலும் தப்புதான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 7 ஆண்டு சிறை. "இருதலை மணியன் இருக்கு, லட்சக்கணக்குல போகும்" என்று கிசுகிசுத்து மண்ணுளிப் பாம்பை விற்கிற கூட்டம் நம் மாவட்டங்களில் அடிக்கடி பிடிபடுகிறதே, அதுவும் இதே சட்டத்தில்தான். அந்தப் பாவப்பட்ட பாம்புக்கு ஒரு தலைதான். வால் மொட்டையாக இருப்பதால் வந்த வினை.

நாட்டுப் பாம்பைப் பிடித்து வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் வெகு சிலரும் அதே இருளர்கள்தான். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், வனத்துறை அனுமதிக்கும் எண்ணிக்கைக்குள் பாம்பு பிடித்து, வடநெம்மேலியில் மண்பானையில் துணி கட்டி வைத்து, சில வாரங்கள் விஷம் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறது. விடுவதற்கு முன் அடிவயிற்றுச் செதிலில் ஓர் ஓரத்தைச் சின்னதாக நறுக்கிவிடுவார்கள். அதே பாம்பு மறுபடி கையில் வந்தால் அடையாளம் தெரியும். வந்த கணக்கு, போன கணக்கு இரண்டும் பாம்பின் மேலேயே இருக்கும்.

சரி, வெளிநாட்டுப் பாம்புக்கு வருவோம். போன வருடம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போன் செய்தான். "அண்ணா, பால் பைத்தான்னு ஒண்ணு இருக்காம். கடிக்கவே கடிக்காதாம். பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்குமாம். வாங்கலாமா?" விற்பவர் வாட்ஸாப்பில் அனுப்பிய படத்தையும் அனுப்பினான். பழுப்பும் பொன்னும் கலந்த திட்டுகளோடு அழகான பாம்புதான். பேர்தான் தமிழில் எழுதினால் வில்லங்கம். பாம்புக்குப் பால் வார்த்துப் பழகிய நாடு ஆயிற்றே, அவன் அம்மா முதலில் கேட்ட கேள்வி "எத்தனை லிட்டர் குடிக்கும்?" எந்தப் பாம்பும் பால் குடித்து வாழ்வதில்லை. இந்தப் பெயரில் உள்ள 'பால்' ஆங்கிலம், பந்து என்று அர்த்தம்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு இது. மூன்று முதல் ஐந்து அடி வளரும், விஷமில்லை, சாது. உலகமெங்கும் வீட்டில் வளர்க்கப்படும் பாம்புகளில் முன்வரிசையில் நிற்பது. பேப்பர் இருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி, ஆன்லைன்ல ரெஜிஸ்டர் பண்ணிட்டா போதும்" என்று பதில் வந்தது. இந்த ஒரு வரியில்தான் மொத்தக் குழப்பமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் அந்த விற்பனையாளர் பேச்சில் பாதி உண்மை இருந்தது. 1972 சட்டம் இந்திய உயிரினங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆப்பிரிக்கப் பாம்பும் இகுவானா என்ற அமெரிக்கப் பெரிய ஓணானும் அதன் அட்டவணைகளில் இல்லை. அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தில் இந்தியா 1976இலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அது வேலை செய்த இடம் எல்லைக்கோடுதான், சுங்கச் சட்டம் வழியாக. விமான நிலையத்தைத் தாண்டி ஒரு பெட்டி வெளியே வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பாம்பைக் கேட்க உள்நாட்டில் ஆள் இல்லை.

2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக முன்வந்து சொல்லிவிட்டால் ஆவணம் கேட்க மாட்டோம் என்றார்கள். கெடு 2021 மார்ச் வரை நீண்டது. கறுப்புப் பணத்துக்கு அறிவிக்கிற மன்னிப்புத் திட்டம் மாதிரிதான். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று அரசுக்கு ஒரு கணக்கு வேண்டியிருந்தது. நாடு முழுவதும் பலர் சொன்னார்கள், சொல்லாமல் விட்டவர்களும் உண்டு.

அப்புறம் வந்தது 2022 திருத்தம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின, நான்காவது அட்டவணையாக சைட்டீஸ் பட்டியல் அப்படியே சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது. பால் பைத்தான் அந்த ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் இருப்பதால் இப்போது அதுவும் இந்தியச் சட்டத்தின் பாம்பு. 2024 பிப்ரவரி 28 அன்று பதிவு விதிகள் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் அதே அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டியிருந்தது, புதிதாக வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பதிய வேண்டும். விண்ணப்பம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் போகும். கைமாற்றினால் சொல்ல வேண்டும், குட்டி போட்டால் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும்.

விற்பனையாளர் சொல்லாமல் விட்ட இடம், சட்டத்தின் 49எம் பிரிவில் இருக்கிறது. அந்த உயிரினம் எந்தச் சட்டத்தையும் மீறி அடையப்பட்டதல்ல என்று அதிகாரி திருப்தியடைந்தால்தான் பதிவுச் சான்று. அதாவது பதிவு என்பது கடத்தல் பாம்பைக் கழுவி எடுக்கும் குழாய் கிடையாது. முதலில் பாம்பு முறையாக வந்திருக்க வேண்டும், பிறகுதான் பதிவு. "அப்புறம் பாத்துக்கலாம்" என்பவரிடம் பாம்பு வாங்கிவிட்டு இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது, திருட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு ஆர்டிஓ ஆபீசுக்கே போய் நிற்பது மாதிரி.

முறையான வழியில் ஒரு பாம்பு இந்தியாவுக்குள் வருவதற்கு வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் இறக்குமதி உரிமம், சைட்டீஸ் அனுமதி, கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சோதனை எல்லாம் வேண்டும். பயணி தன் பெட்டியில் கொண்டுவர வழியே கிடையாது. அந்தச் சலுகை நாய்க்கும் பூனைக்கும்தான், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஆனால் நடப்பது என்ன? 2023 ஏப்ரல் 28 அன்று கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 22 பாம்புகளும் ஒரு பச்சோந்தியும். அதே வருடம் ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். துணிகளுக்கு நடுவில் துளை போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு குட்டி. இப்படிப் பிடிபடும் உயிரினங்களைப் பெரும்பாலும் வந்த ஊருக்கே திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்கெனவே பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் மூச்சு முட்டிக் கிடந்த குட்டிகளுக்கு இன்னொரு விமானப் பயணம். பிடிபடாத பெட்டியில் வந்த குட்டிதான் வாட்ஸாப் படத்தில் இருக்கலாம்.

விஷப் பாம்பும் வருகிறது என்பதுதான் கவலை. 2025 ஜூனில் மும்பை விமான நிலையத்தில் பிடிபட்ட பயணியிடம், சிலந்தி போன்ற வால் கொண்ட விரியன்கள் மூன்றும் இந்தோனேசியக் குழிவிரியன்கள் நாற்பத்துச் சொச்சமும் இருந்தன. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் எதிராகத் தயாரிப்பது. ஈரான் மலையில் வாழும் சிலந்திவால் விரியன் கடித்தால் டாக்டர் எந்தப் பாட்டிலை எடுப்பார்?

பையனிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். விற்பவர் பெயரில் பரிவேஷ் பதிவு இருக்கிறதா? இந்தக் குட்டி அவரிடம் பிறந்தது என்றால் அந்தப் பிறப்பை அறிவித்த பதிவு எங்கே? இறக்குமதி என்றால் சைட்டீஸ் அனுமதித் தாள் எங்கே? அந்தத் தாளில் உயிரினத்தின் அறிவியல் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'சி' என்றால் வளர்ப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்து பிறந்தது. 'டபிள்யூ' என்றால் காட்டிலிருந்து பிடித்தது. 'ஆர்' என்றால் காட்டிலிருந்து முட்டையையோ சினைப் பாம்பையோ எடுத்து வந்து பொரிக்க வைத்தது. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து வரும் பால் பைத்தான்களில் இந்த மூன்றாம் வகை நிறைய. சட்டப்படி மூன்றுமே செல்லலாம், ஆனால் ஒட்டுண்ணியும் நோயும் காட்டுப் பாம்பில் கூடுதல். 'பண்ணையில் பிறந்தது' என்ற வாய்வார்த்தையை அந்த ஒற்றை எழுத்தோடு ஒத்துப் பார்ப்பது நல்லது. இன்னொன்று: கார்ன் ஸ்னேக் போலச் சில பாம்புகள் சைட்டீஸ் பட்டியலிலேயே இல்லை, அதனால் இந்தப் பதிவு விதி அவற்றைத் தொடாது. ஆனால் இறக்குமதி உரிமமும் தனிமைப்படுத்தலும் அவற்றுக்கும் உண்டு. பட்டியலில் இல்லை என்பதால் பெட்டியில் வரலாம் என்று ஆகாது.

இதெல்லாம் உள்ளே வரும் வாசல். நடுவில் உள்ள வருடங்களுக்குச் சட்டப் புத்தகம் உதவாது.

பால் பைத்தானுக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி வாக்கில் வேண்டும். பாம்பு இரண்டுக்கும் நடுவில் போய்வந்து தன் உடம்புச் சூட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். குளிர்நாட்டு வீடியோக்கள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றே சொல்லிக்கொடுக்கும். சென்னை மே மாதத்தில் பிரச்சினை வேறு. மாடி அறையில் மத்தியானம் கரண்ட் போய், மின்விசிறி நின்று, மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 38 டிகிரி ஏறினால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை, செத்துப்போகும். வெப்பமானி, தெர்மோஸ்டாட், ஈரப்பதமானி மூன்றும் பாம்புக்கு முன்னால் வீட்டுக்கு வர வேண்டும். ஈரப்பதம் சரியாக இருக்கிறதா என்று பாம்பே காட்டிக்கொடுக்கும். சரியாக இருந்தால் சட்டை தலை முதல் வால் வரை ஒரே துண்டாக, கழற்றிப் போட்ட காலுறை மாதிரி உள்பக்கம் வெளியே தெரியக் கிடக்கும், கண் மேல் இருந்த வட்டக் கண்ணாடியும் அதிலேயே இருக்கும். பிய்ந்து பிய்ந்து வந்தால் காற்று வறண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாடு இன்னொரு தலைவலி. வளர்ந்த பாம்புக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஓர் எலி போதும். உயிரோடு போட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும், அதனால் உறைய வைத்த எலியை இளக வைத்துக் கொடுப்பதே நல்ல பழக்கம். அப்படியென்றால் எலிகளை எங்கே வைப்பது? ஃப்ரீசரில், ஐஸ்கிரீமுக்கும் இட்லி மாவு வைத்த தட்டுக்கும் மேலே. பையன் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசவில்லை. தெருவில் பிடித்த எலியைக் கொடுக்கக் கூடாது. எலி மருந்து தின்ற எலி என்றால் பாம்பும் போய்விடும். சாப்பிட்ட பின் இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடும். மாதக்கணக்கில் சாப்பிடாமலும் கிடக்கும், அதுவும் இந்த இனத்துக்கு இயல்புதான். எடை குறையாத வரை பயப்பட வேண்டாம், சமையலறைத் தராசில் மாதம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால் போதும். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவாவிட்டால் சால்மொனெல்லா என்ற கிருமித் தொற்று வரலாம், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. பாம்புக்கு மூச்சுத்திணறல் வந்து வாயில் நுரை தள்ளினால் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் இல்லை.

ஆசை தீர்ந்த பிறகு வெளியே போகும் வாசல். ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்றால், விட்ட பாம்பு சாகலாம். சாகாமல் தன் நோயை நம் பாம்புகளுக்குக் கொடுக்கலாம். இணை கிடைத்தால் ஃபுளோரிடா கதை இங்கேயும் தொடங்கலாம். ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களைக் கட்டுப்படுத்த 2022 திருத்தம் மத்திய அரசுக்குத் தனி அதிகாரமே தந்திருக்கிறது. பாம்பை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், ஆனால் பதிவு மாற்றத்தோடு. உரிமைச் சான்று உள்ள வளர்ப்பு விலங்கைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தாமாக ஒப்படைக்கவும் அதே திருத்தம் வழி வைத்திருக்கிறது, இழப்பீடு எதிர்பார்க்க முடியாது. பேப்பர் இல்லாத பாம்புக்கு இந்தக் கதவு அவ்வளவு எளிதாகத் திறக்காது, அதனால்தான் அது ஏரிக்கரைக்குப் போகிறது. ஃபுளோரிடா இப்போது இதைப் புரிந்துகொண்டு, பேப்பர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டை நடத்துகிறது. நம்மூரிலும் அப்படி ஒன்று நிரந்தரமாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி.

பையன் கடைசியாகக் கேட்டான், "எவ்வளவு வருஷம்ணா இருக்கும்?" இருபது, முப்பது என்றேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 2020இல் ஒரு பால் பைத்தான் ஏழு முட்டை போட்டது, வயது அறுபதுக்கு மேல், பதினைந்து வருடங்களாக ஆண் பாம்பையே பார்க்காதது. அதை வளர்த்த ஒருவர் அந்த மிருகக்காட்சி சாலையில் ஒப்படைத்தது 1961இல். பையனுக்கு இப்போது 22 வயது. மனசுக்குள் கூட்டிப் பார்த்திருப்பான் போல. "சரிண்ணா, கொஞ்சம் யோசிக்கிறேன்" என்று போனை வைத்தான். விற்பனையாளர் இன்னும் அவனுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். பேப்பர் மட்டும் வரவில்லை.